வெளியே பதினாறு

மார்கழி பதினொன்று, பொழுது சாய
சென்னியப்பன் வேனிலிருந்து இறங்கியவை
ஐயாயிரத்து நூறு.
ஒரு நாள் வயசு.
தண்ணியில் வெல்லம் கரைத்து வைத்தேன்.
ஒறம்பரை வந்தால் முதலில் சொம்பு நீட்டுவது
எங்கள் பக்கத்து வழக்கம்,
கோழிக்குஞ்சே ஆனாலும்.

"உள்ள முப்பத்திமூணு இருக்கோணுங்க.
கொறஞ்சா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி
நசுங்கிப் போயிரும்."
தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு
கம்பெனி சூப்பர்வைசர் பைக்கை உதைத்தார்.

முன்ராத்திரி பொங்கியண்ணனுக்கு.
ரெண்டு மணிக்கு மேல் எனக்கு.
நானாகக் கேட்டு வாங்கியது.
பாவம் என்று நினைத்து
குரங்குக் குல்லாவோடு குறட்டை விடுகிறார்.
நல்ல பங்கு யாருக்குப் போனது என்று
அவருக்குத் தெரியாது.

தகர வளையம், குண்டு பல்புகள், நடுவில் கரிச்சட்டி.
தேங்காய்நார்த் தூள் சூடேறும் வாசம்.
சூடு சரியாக இருந்தால்
குஞ்சுகள் போடும் சத்தமே வேறு:
கடுகு பொரிந்து அடங்கும் நேரத்துச் சத்தம்.
அது வந்ததும்
படுதாவைத் தூக்கி, குனிந்து,
நான் வெளியே.

ஆடியில் சாமி வந்து ஆடிய காற்றாடிகள்
கைகால் ஓய்ந்து நிற்கின்றன.
கேத்தனூர் வரைக்கும் அவற்றின் சிவப்பு விளக்குகள் மட்டும்
பனிக்குள் யாரோ பீடி இழுப்பதுபோல
கனிந்து, மங்கி, கனிந்து.

ஸ்வெட்டரைக் கழற்றுவேன்.
ஏதோ குளிர் நாட்டுக்குத் திருப்பூரில் தைத்தது.
ஒரு கை நீளமாகப் போனதால்
என்னிடம் வந்து சேர்ந்தது.
நூறு எண்ணுவேன்.
முப்பதில் கழுத்து.
ஐம்பதில் பல்.
எழுபதில், காது என்னுடையதுதானா என்று
தொட்டுப் பார்க்கணும்.
வாயைத் திறந்தால் புகை.
நாற்பத்திரண்டு வயசுக்காரி
இருட்டில் நின்று புகைவிட்டுப் பார்க்கிறேன்,
ரயில் மாதிரி,
அப்புறம் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம்
ஒளிந்து சிகரெட் பிடித்த சித்தப்பா மாதிரி.

பங்குனியில் இதே இடத்தில்
ஈரச்சாக்கோடு ஓடிக்கொண்டிருப்பேன்.
கூரைமேல் தண்ணி சுற்றிச் சுற்றி அடிக்க
கீழே கோழிகள் வாயைப் பிளக்கும்.
எட்டு மாசம் வெயிலுக்குக் கொடுத்தது போக
மிச்சத்தில்தான்
எனக்கு ஓர் உடம்பு இருப்பதே தெரிகிறது.
தை கடைசியில் லாரி வரும்.
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.
நூறு முடிந்து உள்ளே வைக்கிற அந்த ஓர் எட்டு,
அதற்காகத்தான் இத்தனையும்.
கட்டிப்போட்ட நாய் அவிழ்ந்து வந்ததுபோல
சூடு மேலே பாயும்,
முகத்தில், கழுத்தில், விரல் இடுக்கில்.

கரிச்சட்டி ஓரத்தில் தூக்குப்போசி.
அதில் அரிசிம்பருப்பு.
வீட்டில் வெள்ளையாக உறைந்து கிடந்த நெய்
இங்கே உருகி மஞ்சளாக நிற்கும்.
காலை நாலு மணிக்கு யாராவது சோறு தின்பார்களா?
நான் தின்பேன். விரலையும் நக்குவேன்.

கம்பெனி கார்டில் மூன்று கட்டம்:
செத்தது, தீவனம், உள் சூடு.
ஓரத்து வெள்ளையில் நானாக எழுதி வருகிறேன்.
வெளியே 17.
வெளியே 17.
வெளியே 16, மூக்கு ஒழுகியது.
"இது எதுக்குங்க?" என்றார் சூப்பர்வைசர்.
"சும்மாங்க."

வடக்கு மூலையில்
தகரமும் தகரமும் சேராத இடத்தில்
ரெண்டு விரல் அகலச் சந்து.
ஒரே ஒரு குஞ்சு
கூட்டத்தை விட்டு அங்கே போய் நிற்கிறது.
சிலிர்க்கிறது. கண்ணை மூடுகிறது.
திடீரென்று ஓடிவந்து
நாலைந்தின் அடியில் புகுந்துகொள்கிறது.
கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.
"நோஞ்சானாட்டம் தெரியுதுங்க, தனியா எடுத்துப் போடுங்க."
தலையை ஆட்டினேன்.

சந்தை அடைக்கச் சாக்கை மடித்து
கையில்தான் வைத்திருக்கிறேன்.
மணி மூன்றே கால்.
அது எத்தனை எண்ணுகிறது என்று
இன்றைக்குப் பார்த்துவிடணும்.